லொறியின் முன்சில்லு நடுக்கம்



கொழும்புத் துறைமுகத்திலிருந்து கிழக்கு நோக்கிக் கிராண்ட்பாஸைக் கடந்து செல்வோர் ஒருகொடவத்தைச் சந்தியை அடைவர். கொள்கலன் ஏற்றிய பாரவண்டிகள் ஒருபுறம், புறக்கோட்டைச் சரக்குடன் வெளியூருக்குப் புறப்படும் லொறிகள் மறுபுறம், இவற்றுக்கிடையே எண்ணெய்க்கறை படிந்த கராஜ்கள் என்று, சில்லுகளை நம்பி வாழும் இடம் அது. மோட்டார்த் தொழிலை இளைஞருக்குப் பயிற்றும் அரசாங்க நிறுவனமொன்றும் அங்கேயே அமைந்துளது. அவ்விடத்துக் கராஜ் ஒன்றில் நான் கண்ட ஒரு லொறியைத் துணையாகக்கொண்டு, இன்று ஒரு நோயைப்பற்றிப் பேச விழைகின்றேன். மனிதருக்கு வரும் நோயன்று. பழைய லொறிகளின் முன்சில்லுகளுக்கு வரும் நடுக்கம்.

அந்த லொறியின் சாரதி யாழ்ப்பாணத்தவர். புத்தளம், அனுராதபுரம் வழியாக இரவிலே வடக்கே சரக்குக் கொண்டு செல்பவர். "பாஸ், அறுபதைத் தாண்டிப் பள்ளத்திலை விழுந்தால் ஸ்டியரிங் கையிலை நிக்குதில்லை" என்று கராஜ்காரரிடம் முறையிட்டார். வேறிடங்களில் கிங் பின் இருமுறை மாற்றியாயிற்று. ஸ்டியரிங் டம்பரும் புதிதாகப் பூட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் பஞ்சிகாவத்தைக்கு நடந்து உதிரிப்பாகம் வாங்கிய செலவு அவருடையது. நடுக்கம் மட்டும் போகவில்லை. இரவு ஓட்டத்தை விட்டுவிடும்படி வீட்டார் மன்றாடுகின்றனர் என்றும் சொன்னார். இரவு ஓட்டம் இல்லையேல் அவருக்கு வருவாயும் இல்லை.

இத்தகைய லொறிகள் நம் நாட்டில் இன்னும் பல ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை பெரும்பாலும் 2025ஆம் ஆண்டின் தொடக்கம்வரை நீடித்தது. புதிய வண்டி வராத காலத்தில் பழைய வண்டியே உழைக்க வேண்டியதாயிற்று. தேய்ந்த லொறியைத் தள்ளிவிடு என்று அறிவுரை கூறுவது எளிது. கூறுபவர் அதை வாங்கித்தரப் போவதில்லை.

நடுக்கம் எங்ஙனம் பிறக்கின்றது? பழைய லொறியில் இடச்சில்லையும் வலச்சில்லையும் ஒரே இரும்புத் தண்டு தாங்குகின்றது. ஒரு சில்லு கல்லின்மீது ஏறினால் தண்டு முழுவதும் சாய்கின்றது. சாயும்போது இரு சில்லுகளும் சாய்கின்றன. வேகமாகச் சுழலும் பொருள் ஒன்றைச் சாய்த்தால் அது சாய்த்த திசைக்குப் பணிவதில்லை. பக்கவாட்டில் திரும்ப முயலும். சைக்கிள் சில்லொன்றைக் கழற்றி, அதன் அச்சை இரு கைகளாலும் பிடித்துச் சுழலவிட்டுச் சாய்த்துப் பார்க்கும் சிறுவன் இதனை உடனே உணர்வான். அங்ஙனமே லொறியின் சில்லுகளும் ஒருபக்கம் திரும்புகின்றன. திரும்பியதும் ரயர் தரையைப் பற்றி எதிர்ப்பக்கம் இழுக்கின்றது. அந்த இழுப்பு தண்டை மறுபடியும் சாய்க்கின்றது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் இரண்டொரு அசைவோடு இது அடங்கிவிடும். எங்கேனும் தளர்ச்சி இருந்தாலோ, அசைவு அசைவை வளர்த்து, முன்பகுதி முழுவதும் ஆடத் தொடங்கும். லொறியின் ஓட்டமே அதற்கு உணவாதலின், வேகம் குறையும்வரை அது ஓயாது.

இந்நோய் இங்கே பிறந்ததன்று. 1920களில் மேனாட்டு மோட்டார்க் கார்களுக்கு மென்காற்று ரயர்களும் முன்சில்லுப் பிறேக்குகளும் வந்தபோது இந்த ஆட்டமும் கூடவே பரவியது. அக்காலத்து நடனம் ஒன்றின் பெயரால் அதனை ஷிம்மி என்றழைத்தனர். பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் புரூலியே 1925ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதினார். பின்னர் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் மொரிஸ் ஒல்லி முதலியோர் உழைத்ததன் பயனாக, 1934ஆம் ஆண்டுக் கார்களில் இரு முன்சில்லுகளும் தனித்தனியே தாங்கப்பட்டன. கார்கள் தப்பின. பெருஞ்சுமை தாங்கவேண்டிய லொறியோ பழைய தண்டையே வைத்துக்கொண்டது. அதனால் பெட்போர்ட், டாட்டா, லேலண்ட் என்ற பெயர்களோடு நம் வீதிகளில் ஓடிய லொறிகள் அந்த நோயின் வாய்ப்பையும் சுமந்தே வந்தன.

ஒருகொடவத்தைப் பாஸ் சாவியைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்விகளைக் கேட்டார். ஒரு குறித்த வேகத்தில் மட்டும் நடுங்கி, அவ்வேகத்தைத் தாண்டினால் அடங்குகின்றதா? அப்படியாயின் சில்லின் சமநிலையையோ வளைந்த றிம்மையோ உருண்டை கெட்ட ரயரையோ ஐயுறலாம். பிறேக்கை மிதித்தால் மட்டும் நடுங்குகின்றதா? அப்படியாயின் பிறேக் டிரம்மைப் பார்க்கவேண்டும். பள்ளத்தில் விழுந்தபின் தொடங்கி, வேகம் தணியும்வரை தொடர்கின்றதா? அது தளர்ச்சியின் குணம். நம் சாரதி கூறியது மூன்றாவது. வெறுமையாக ஓடும்போதிலும் சுமையுடன் ஓடும்போது கூடுதலா என்றும் கேட்டார். ஆம் என்றார் சாரதி.

அடுத்துச் செலவில்லாத காரியங்கள். சில்லுநட்டுகள் இறுகியுள்ளனவா, இரு முன்ரயர்களிலும் காற்று சமமாக உள்ளதா என்று பார்த்தார். முன்ரயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டினார். நடுக்கம் மாறவில்லை, ஆகவே ரயர் குற்றவாளியன்று. இந்த ஒரு சோதனையை முன்னரே செய்திருந்தால் எத்தனை ரயர்கள் வீணே விலைபோகாமல் தப்பியிருக்கும்!

பின்னர் சில்லுகள் தரையிலேயே ஊன்றியிருக்க, உதவியாள் ஒருவரை ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவே அசைக்கச் செய்து, தாம் லொறியின் கீழே படுத்தார். ஒவ்வொரு மூட்டின்மீதும் விரலை வைத்துப் பார்த்தார்: ஸ்டியரிங் பொக்ஸ், அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள், டிராக் லிங்க், இரு சில்லுகளையும் இணைக்கும் டை ரொட்டின் முனைகள். கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி விரலுக்குத் தெரியும் என்பது அவர் கொள்கை. டை ரொட் முனையொன்று சற்றே தேய்ந்திருந்தது. வேறொருவராயின் அதனை மாற்றிவிட்டுக் கணக்கெழுதியிருப்பார்.

அச்சை ஜக்கினால் உயர்த்தி, ரயரை மேலும் கீழும் பிடித்து உள்ளும் புறமுமாக ஆட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. ஆட்டம் தென்பட்டால் உதவியாளைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லவேண்டும். பிறேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது சில்லுப் பெயாரிங்கின் தளர்ச்சி; மறையாவிட்டால் கிங் பின்னின் தேய்வு. இரண்டையும் பிரித்தறிய இதனினும் எளிய வழி எனக்குத் தெரியாது. நம் லொறியிலோ இரண்டுமே நன்றாயிருந்தன. இருமுறை மாற்றிய கிங் பின்னில் என்ன குறை இருக்கப் போகின்றது? அவற்றுக்கு முதலில் வந்த தேய்வேனும், அச்சை உயர்த்திச் சுமையை நீக்கியபின் கிறீஸ் அடிக்காத வழக்கத்தால் வந்ததாக இருக்கலாம் என்றார் பாஸ். சுமை அழுத்தும் பக்கத்துக்கு மசகு செல்வதில்லையன்றோ?

இறுதியில் அவர் விளக்கைப் பிடித்து, முன்ஸ்பிரிங் தகடுகள் அச்சின்மீது அமரும் இடத்தைப் பார்த்தார். யூ போல்ட்டின் ஓரத்தில் செந்நிறத் தூள் படிந்திருந்தது. இரும்பும் இரும்பும் உராய்ந்து உதிர்ந்த தூள் அது. அசையாத இடத்தில் அது தோன்றாது. கழற்றியபோது தகடுகளை ஊடுருவி நிற்கும் சென்டர் போல்ட் முறிந்து கிடந்தது. பாரம் கூட்டுவதற்காக ஒரு தகட்டை மேலதிகமாகச் சேர்த்தவர்கள், யூ போல்ட்டுகளைப் பின்னர் இறுக்கவில்லை போலும். சுமை ஏறிப் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அச்சு தன் இருக்கையிலேயே முன்னும் பின்னும் நகர்ந்தது. அச்சு நகர்ந்தால் கிங் பின்னின் சாய்வும் மாறும். டிராக் லிங்க்கும் தானாகவே சில்லைத் திருப்பும். அதன் இரு பக்கத்திலும் நின்ற உறுப்புகளை ஏன் இருமுறை மாற்றினார்கள் என்று சாரதி கேட்கவில்லை, கேட்காதது நன்று.

ஸ்டியரிங் டம்பரைப்பற்றி ஒரு சொல். அது பயனற்றதன்று, சிறு அதிர்ச்சிகளைக் கையில் படாமல் தடுக்கும். தளர்ச்சியை மறைப்பதற்காக அதனைப் பூட்டினால், நோய் உள்ளே வளர, அடையாளம் மட்டும் அடங்கியிருக்கும். டம்பர் தேய்ந்த நாளில், இரவிலே, சுமையோடு, வளைவொன்றில் அது மீண்டும் எழும்.

ஓடும்போதே நடுக்கம் வந்துவிட்டால், ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, அதனோடு மல்லுக்கட்டாமல், அக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைத் தணிய விடுக. பிறேக்கை வெடுக்கென்று மிதித்தால் எடை முன்னே பாய்ந்து ஆட்டம் மிகும். ஓரத்தில் நிறுத்தி, சில்லுநட்டையேனும் பார்த்தபின்னரே மேலே செல்க.

புதிய சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டுகளும் பூட்டப்பட்டன. தேய்ந்த டை ரொட் முனையும் மாற்றப்பட்டது. மிகையாகச் சேர்த்த தகடு கழற்றப்பட்டது. சுமையோடு முதற் பயணம் சென்று திரும்பியதும் மறுபடி வரவேண்டும் என்று பாஸ் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். புதிய யூ போல்ட்டுகள் சுமை ஏறியபின் சிறிது தளர்வது இயல்பு. சாரதி ஐந்தாம் நாள் வந்தார். ஸ்பானரை வைத்துத் திருப்பியபோது நான்கு நட்டுகளும் கால் சுற்றளவு இறுகின.