ஆமை இருக்கும் இடத்தில் அளந்து பாருங்கள்



ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால், வீட்டுக்கு வந்த ஆமை உருப்பட்டதா என்று நாம் கேட்பதில்லை. இன்று, வளர்ப்பு ஆமைக்கு வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் பற்றிப் பேசப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் உள்ளங்கை அகலமுள்ள ஆமைக்குட்டி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டு வந்தான். பட்டணத்தில் வேலை செய்யும் அண்ணன் வாங்கிக் கொடுத்ததாம். நானே அதைத் தகரப் பேசின் ஒன்றில் விட்டு, வகுப்புக்கு வெளியே வராந்தாவில் வைத்தேன். காலையில் அங்கே நல்ல நிழல். சுவரில் தொங்கிய வெப்பமானி 31 பாகை செல்சியஸ் காட்டியது. உச்சி வேளையில் வெயில் பேசினுக்குள் இறங்கியதை நான் கவனிக்கவில்லை. போய்ப் பார்த்தபோது வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. பிழைக்கவில்லை. "சார், சுவத்துல 31தானே காட்டுது?" என்று கேட்டான் பையன். அவன் கேட்டதில் தவறில்லை. வெப்பமானி என் தலை உயரத்தில், நிழலில் இருந்தது. ஆமையோ காய்ந்த தகரத்தின்மேல் இருந்தது.

நேயர்களே, நம் உடம்பு வெயிலிலும் மழையிலும் 37 பாகையை ஒட்டியே நிற்கும். ஆமைக்கு அப்படி இல்லை. சுற்றுப்புறம் சூடேறினால் அதுவும் சூடேறும். குளிர்ந்தால் அதுவும் குளிரும். அதற்கு நம்மைப்போல வியர்ப்பதும் இல்லை. ஆகவே, சூடு வேண்டுமானால் வெயிலுக்கு நகரும். போதுமென்றால் நிழலுக்குத் திரும்பும். நகர இடமில்லாத பேசினிலோ கண்ணாடித் தொட்டியிலோ வெயில் பட்டால், அது தப்பிக்க வழியே இல்லை. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

கடைகளில் அதிகம் விற்கப்படும் சல்காட்டா ஆமையை எடுத்துக்கொள்வோம். அதன் தாயகம், ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரம். பாலைவனத்துப் பிராணி ஆயிற்றே, வெயிலும் வறட்சியும் அதற்குப் பிடிக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பல அடி நீளத்துக்கு வளை தோண்டி, வெயில் நேரத்தில் உள்ளே படுத்திருக்கும். மேலே நிலம் காய்ந்தாலும் வளைக்குள் குளிர்ச்சியும் ஈரக் காற்றும் உண்டு.

அந்த ஈரக் காற்று ஏன் வேண்டும்? 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வியன்னா ஆய்வு ஒன்றில், 50 சல்காட்டா குஞ்சுகளை 5 மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடு மேடு மேடாகப் புடைத்தது. ஈரக் காற்றில் வளர்ந்தவற்றின் ஓடு அந்த அளவுக்குப் புடைக்கவில்லை. தீனியில் புரதம் கூடியது குறைந்ததைவிட, காற்றின் ஈரமே பெரிய காரணமாக இருந்தது.

நம் நாட்டில் காற்றின் ஈரத்துக்குக் குறைவில்லை. பெரட்டுக்குக் கூடும் விடியற்காலையில் அது 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். ஆனால், குளிர்சாதன அறையிலும், சூட்டு விளக்கின் கீழும் காற்று காய்ந்துவிடும். ஓரம் உடைந்த மண்பானையைக் கவிழ்த்து, உள்ளே சற்று ஈரமான மண்ணைப் பரப்பி வையுங்கள். குட்டிக்கு அதுவே வளை.

ஒன்றை மறக்க வேண்டாம். ஈரக் காற்று வேறு, சேறு வேறு. இரவு முழுதும் குளிர்ந்த சேற்றில் கிடந்தால் ஓடு அழுகும், சளி பிடிக்கும். நம்மைப்போல் நன்றாக இருமிச் சளியை வெளியேற்ற ஆமையால் இயலாது. மூக்கில் குமிழி, திறந்த வாய், தீனி எடுக்காமை இவற்றைக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இரவுச் சூடு 15, 16 பாகைக்கு இறங்கும். அங்கே உள்ளோர் குட்டியை வீட்டுக்குள் கதகதப்பாக வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கூண்டின் ஒரு பக்கம் 32 முதல் 35 பாகை வரை சூடு. மறுபக்கம் 26 முதல் 28 பாகை வரையுள்ள நிழல். தரை காய்ந்திருக்க வேண்டும். தாழ்வான தட்டில் தண்ணீர் வேண்டும். வெப்பமானியைத் தரையில், ஆமையின் முதுகு உயரத்தில், நண்பகலிலும் விடியலிலும் வைத்துப் பாருங்கள்.

ஈரத்தை அளக்க இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, விசிறியால் நன்றாக வீசுங்கள். சாதாரண வெப்பமானி 30, ஈரத்துணி கட்டியது 27 என்றால், ஈரம் ஏறக்குறைய 80 விழுக்காடு. வேறுபாடு கூடக் கூட, காற்று வறண்டிருக்கிறது என்று பொருள். பிள்ளைகளை இதைச் செய்யச் சொல்லுங்கள்; நல்ல அறிவியல் பாடம்.

இறுதியாக ஒன்று. கால்வாயிலும் காட்டிலும் காணும் ஆமையைப் பிடித்து வராதீர்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். கடையில் வாங்குவோரும் முதலில் வனவிலங்குத் துறையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். உள்ளங்கைக் குட்டியாக வரும் சல்காட்டா 40 கிலோவுக்கு மேலும் வளரும். 50 ஆண்டுக்கு மேலும் வாழும். அத்தனை காலம் காக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்துத்தான் அதை வீட்டுக்குள் அழைக்க வேண்டும்.

சூடு தாங்கவில்லை என்று வாய்திறந்து சொல்லத் தெரியாத பிராணி அது. நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். அன்று நான் குனிந்து பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.