மருந்துக்குக் கணக்கு வேண்டும், கிருமிக்குப் பரிசோதனை வேண்டும்

(செங்கற்பட்டில் ஆஸ்பத்திரி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிருந்து திருமணி வெகுதூரமில்லை. அங்கே 1955-ல் மத்திய சர்க்கார் தொழுநோய்ப் போதனை, ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தியது. அந்தக் காலத்தில் தொழுநோய்க்குப் பிரதான மருந்து டாப்சோன் மாத்திரை. மலிவானது, நல்ல மருந்துங்கூட. ஆனால் உலகமெங்கும் அதை மட்டுமே வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். நோயாளி ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கப் போதிய ஆளில்லை. விளைவு என்ன? அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் பிழைத்துப் பெருகின. 1982-ல் உலக சுகாதார ஸ்தாபனம், இனி ஒற்றை மருந்து கூடாது, கூட்டு மருந்துதான் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இன்று புண், மூத்திரத்தாரை, நுரையீரல் கிருமிகளிலும் இதே கதைதான். மெரோபெனம் போன்ற உயர்ந்த மருந்துகளையும் செல்லாக்காசாக்கும் மரபணு சென்னை நோயாளிகளின் கிருமிகளிலும் இருப்பதை 2010-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதற்கு டில்லியின் பெயரை வைத்தது நியாயமா என்று பெரிய சச்சரவு நடந்தது. கிருமியோ படுக்கைக்குப் படுக்கை போய்க்கொண்டுதான் இருந்தது!

2012 ஆகஸ்டில் வைத்திய சங்கங்கள் சென்னையில் கூடிப் பிரகடனம் செய்தன. 2014 மார்ச்சு முதல், இத்தகைய மருந்துகள் சிலவற்றை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதி, அந்தப் பதிவேட்டை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனால் மாமல்லபுரம் கரையில் மீன்முள் குத்திக் கை வீங்கியவர், ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியுமா? கடையில் நாலு மாத்திரை கேட்கிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆஸ்பத்திரிக்குள் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. மருந்தைத் தொடங்குமுன் இரத்தமோ சீழோ எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். (உயிருக்கு ஊசலாடுகிறவருக்கு மருந்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை.) இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும், பலமான மருந்தை விட்டுப் போதுமான மருந்துக்கு மாற வேண்டும், தேவையில்லையென்றால் அடியோடு நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன் ஒரே ஊசி போதும் என்ற இடத்தில், "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள் போடக்கூடாது. கொலிஸ்டின் போன்ற கடைசி மருந்துகள் மூத்த டாக்டரின் கையெழுத்தில்லாமல் ஸ்டோரை விட்டு வெளியே போகக்கூடாது. கோழித் தீவனத்தில் அதே கொலிஸ்டினைக் கொட்டியதும், 2019-ல் அதற்குத் தடை வந்ததும் தனிக்கதை.

சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் இதெல்லாம் நடந்துவிடுமா? சனிக்கிழமை இரவு எடுத்த இரத்தம் திங்கட்கிழமை வரை மேஜையில் கிடந்தால், எந்த டாக்டர் அந்த முடிவை நம்பியிருப்பார்? ஒரே நர்ஸ் ஐம்பது படுக்கைகளைப் பார்த்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கை கழுவ அவளுக்கு நேரம் ஏது? மலிவான பழைய பென்சிலின் இன மருந்து தீர்ந்துபோனால், இருக்கிற விலையுயர்ந்த மருந்தைத்தான் எழுதுவார்கள். 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. நம் கையிலுள்ள நல்ல கருவி அது. அந்தப் பழைய மருந்துகள் ஒருநாளும் தீராதபடி பார்த்துக்கொள்ளச் சொல்வோம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: இரவிலும் ஞாயிறன்றும் இயங்கும் பரிசோதனைக்கூடம், நர்ஸ் காலியிடங்களை நிரப்புவது, டாக்டர், நர்ஸ், மருந்தாளர், பரிசோதகர் நால்வரும் மாதம் ஒருமுறை ஒரே மேஜையில் உட்கார்ந்து, எந்த வார்டில் எந்த மருந்து எவ்வளவு செலவாயிற்று என்று பார்ப்பது. முதல் கணக்கைத் தீவிர சிகிச்சை வார்டில் எடுக்கலாம்.