காயம் ஆறும்போது செல்கள் பேசிக்கொள்வது

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டுத் திடலில் முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளாத பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருக்க முடியாது. இரத்தம் எப்படி நின்றது என்று கேட்டால் நம் எல்லோரிடமும் விடை இருக்கிறது. இரத்தத் தட்டுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. த்ராம்பின் என்ற நொதி ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. வலை பின்னப்படுகிறது, இரத்தம் உறைகிறது. பாடமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதற்கடுத்த கேள்வியைக் கேட்டுவிடும்: "புதுத் தோல் வளரணும்னு தோலுக்கு யார் டீச்சர் சொன்னது?" அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

சொல்பவை சில சிறிய புரதங்கள். ஒரு செல் வெளியிடும், இன்னொரு செல் பெற்றுக்கொள்ளும். பொதுவாக இவற்றைச் சமிக்ஞைப் புரதங்கள் என்கிறோம். காயத்தில் முக்கியமாக வேலை செய்பவற்றுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். வகுப்பில் விளக்க நம் பள்ளி மணியே போதும். மணி ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்டதும் ஏழாம் வகுப்பு திடலுக்கு ஓடும், எட்டாம் வகுப்பு ஆய்வகத்துக்குப் போகும். சமிக்ஞையும் அப்படித்தான். ஒரே புரதம் ஒரு செல்லை நகரச் சொல்லும், இன்னொன்றைப் பிரியச் சொல்லும். அதற்குரிய ஏற்பி இல்லாத செல்லுக்கு மணி அடித்ததே தெரியாது.

ஏற்பி செல் சவ்வின் குறுக்கே நிற்கும் ஒரு புரதம். வளர்ச்சிக் காரணி வெளிப்பக்கத்தில் வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன. உட்பக்கத்தில் ஒன்றன்மீது ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து செய்தி அஞ்சல் ஓட்டம் போலக் கைமாறிக் கைமாறி உட்கரு வரை போகிறது; சில ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. மாணவர்களுக்கு இவ்வளவு போதும். அஞ்சல் ஓட்டத்தில் ஓடுபவர்களின் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இரத்தத் தட்டுகளைப் பற்றி நாம் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. ஆய்வகத்தில் செல்களை வளர்க்க, உறைந்த இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றுவார்கள். செல்கள் நன்றாகப் பெருகும். செல்களையும் தட்டுகளையும் நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து எடுத்த சீரத்தை ஊற்றினால் அப்படிப் பெருகுவதில்லை. 1974இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் இதைக் காட்டினார்கள். வேறுபாடு எங்கே இருந்தது? தட்டுகளில்தான். இரத்தம் உறையும்போது அவை தம் துகள்களைத் திறந்து ஒரு வளர்ச்சிக் காரணியைக் கொட்டுகின்றன. பி.டி.ஜி.எஃப். என்று அதற்குப் பெயர். ஓட்டையை அடைக்கும் அடைப்பான் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் அதே தட்டுகள்தான் பழுதுபார்க்க ஆளனுப்பும் முதல் தந்தியையும் அடிக்கின்றன.

அந்த அழைப்பைக் கேட்டு முதலில் நியூட்ரோஃபில்கள் வருகின்றன, பின்னால் மேக்ரோஃபேஜ்கள். கிருமிகளைத் தின்பதோடு மேக்ரோஃபேஜின் வேலை முடிவதில்லை. அதுவும் வளர்ச்சிக் காரணிகளை வெளியிட்டு அடுத்த கட்டத்தைத் தொடங்கி வைக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்டுகள் வந்து கொலாஜனை நெய்கின்றன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் பெருகிப் புது இரத்த நுண்குழாய்களை வரவழைக்கிறது. டி.ஜி.எஃப். பீட்டாவின் தூண்டுதலால் சில ஃபைப்ரோபிளாஸ்டுகள் சுருங்கும் தன்மை பெற்றுக் காயத்தின் விளிம்புகளை உள்நோக்கி இழுக்கின்றன. மேல்தோல் செல்கள் விளிம்பிலிருந்தும், மிஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வருகின்றன. சிராய்ப்பு விரைவில் ஆறுவதும் ஆழமான தீக்காயம் ஆறாமல் நாள் கடத்துவதும் இதனால்தான்: சிராய்ப்பில் மயிர்க்கால்கள் தப்பித்திருக்கும்.

மேல்தோல் செல்களைத் தூண்டும் ஈ.ஜி.எஃப். கண்டுபிடிக்கப்பட்ட கதையை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள். ரீட்டா லெவி-மோன்டால்சினியும் ஸ்டான்லி கோஹெனும் செயின்ட் லூயிஸ் நகரில் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மிகுதியாக இருந்தது. அந்தச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார்கள். வழக்கமாக இரண்டு வாரம் ஆகித் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன! பற்களும் முன்னதாகவே முளைத்தன. நரம்பு ஆராய்ச்சிக்கு இது தேவையில்லாத செய்தி. கோஹென் அதை விடவில்லை. சாற்றில் வேறொரு பொருள் இருக்க வேண்டும் என்று தேடி, 1962இல் அதைப் பிரித்தெடுத்த விவரத்தை வெளியிட்டார். 53 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் அது. 1986இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உமிழ்நீரில் இந்தப் புரதம் இருக்கிறது என்றதும் ஒரு மாணவன், "அதனாலதான் வெட்டுப்பட்ட விரலை வாயில வைக்கிறோமா சார்?" என்பான். நல்ல கேள்வி. வாயில் கிருமிகளும் ஏராளம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வளர்ச்சிக் காரணியை அப்படியே மருந்தாகப் பூசினால் என்ன? செய்து பார்த்தார்கள். ஈஸ்ட் செல்களில் தயாரித்த பி.டி.ஜி.எஃப். களிம்புக்கு, நீரிழிவால் வரும் கால்புண்ணுக்காக, அமெரிக்கா 1997இல் அனுமதி தந்தது. 382 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், அதைப் பூசியவர்களில் 20 வாரத்தில் பாதிப்பேருக்குப் புண் முழுமையாக ஆறியது. மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களிலும் 35 விழுக்காட்டினருக்கு ஆறியது. பலன் உண்டு, அற்புதம் இல்லை. காரணம், நாள்பட்ட புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அளவுக்கு மீறிப் பெருகி, போடும் காரணியையும் வெட்டித் தள்ளிவிடுகின்றன. உணர்வற்ற பாதம் மறுபடி மறுபடி அழுந்திக்கொண்டும் இருக்கிறது. கூட்டத்தில் நீரிழிவு உள்ளவர்கள் இருப்பீர்கள். நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் நமக்கு இது புத்தகச் செய்தி அன்று. தினம் ஒருமுறை உள்ளங்காலைப் பாருங்கள். வலி இல்லாத புண்ணுக்கு வலிக்கிற புண்ணைவிட அதிகம் பயப்படுங்கள்.

வளர்ச்சிச் சமிக்ஞை நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவும் வேண்டும். 1986இல் ஹெரால்டு ட்வோரக் என்ற நோயியல் அறிஞர், புற்றுக்கட்டிகளை ஆறாத காயங்கள் என்று வருணித்தார். காயத்தில் சில வாரம் ஒலித்து ஓயும் அதே சமிக்ஞைகள் கட்டியில் ஓயாமல் ஒலிக்கின்றன. ஈ.ஜி.எஃப். ஏற்பியை அடைக்கும் மருந்துகள் இன்று புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படுகின்றன. அவற்றை எடுத்துக்கொள்பவர்கள் பலருக்குத் தோலில் தடிப்பு வருவது ஏன் என்று பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இதுவரை சொன்னதை வைத்தே விடை கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளி முதலுதவிக்கு வருகிறேன். காயத்தைக் காற்றாட விட்டுக் காயவைக்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஜார்ஜ் வின்டர் 1962இல் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காக்கும்படி மூடிய காயத்தில் மேல்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார். ஊர்ந்து வரும் செல்கள் காய்ந்த பொருக்கின் அடியில் வழி குடைந்து வர வேண்டியிருக்கிறது. ஆகவே சிராய்ப்பை ஓடும் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான கட்டால் மூடினால் போதும். காப்பித்தூள், மண், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஆழமான காயம், துருப்பிடித்த ஆணி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்; 10, 16 வயதுகளில் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். நாய்க்கடி என்றால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிய பிறகே வண்டி ஏற்றுங்கள்.

கடைசியாக ஒரு செயல்பாடு. ஆறிவரும் சிராய்ப்போடு ஒரு மாணவர் எப்போதும் நம் வகுப்பில் இருப்பார். அவர் சம்மதித்தால், தொடாமல், தினமும் அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து அதன் நீளத்தைக் குறித்து, பத்து நாளுக்கு வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கோடு பெரும்பாலும் படுத்தே கிடக்கும். "இந்த நாட்களில் காயம் சும்மாவா இருந்தது?" என்று கேளுங்கள். தட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் பாடத்துக்குள் வர வேண்டிய இடம் அதுதான்.