பின்னால் ஒரு தலை

மணலி புதுநகரிலிருந்து காலையில் பைக்கை எடுக்கிறீர்கள். பொன்னேரி நெடுஞ்சாலையில் முன்னாலும் கண்டெய்னர் லாரி, பின்னாலும் கண்டெய்னர் லாரி. உங்கள் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் தலையில்? மல்லிகைப்பூ மட்டும்தான் இருக்கிறது.

பள்ளம் வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியும். கை பிரேக்கில் இருக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையை வைத்திருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. தூக்கிப் போட்டால் நேரே தரைதான். அந்தத் தலைக்கும் ஹெல்மெட் வேண்டும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2022 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் இதைக் கண்டிப்பாக்கினார்கள். நான்கு வயது தாண்டிய குழந்தைக்கும் ஹெல்மெட் உண்டு.

"வழியில் தெரிந்தவர் கை காட்டுவார், அவருக்கு எங்கே போவேன்?" என்பீர்கள். அதற்குத்தான் இன்னொரு ஹெல்மெட். வீட்டு அலமாரியில் அல்ல, வண்டியிலேயே இருக்கட்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டதை யாருக்கும் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கும், வெளியே தெரியாது.

நாளைக் காலை அம்மா ஏறி உட்கார்ந்ததும், தாடைக்குக் கீழே வாரை நீங்களே மாட்டிவிடுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்டபிறகு வண்டியை எடுங்கள்.