அதக்கிய போயிலையும் கணினி சொல்லும் துப்பும்

வாயில் ஆறாத புண்ணோடு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "போயிலையை எந்தப் பக்கம் அதக்குவீங்க?" வந்தவர் யோசிக்கவே மாட்டார். விரல் தானாக இடது கன்னத்துக்குப் போகும். முப்பது வருஷப் பழக்கம். மருத்துவர் கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துப் பார்ப்பார். கடைவாய்ப் பல்லின் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, பெரும்பாலும் அங்கேதான் புண் இருக்கும். அதுவும் அதே இடது பக்கத்தில்.

போயிலை உட்கார்ந்த இடத்திலேயே புற்று முளைக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் விஞ்ஞானி இன்னும் ஒரு படி இறங்கிக் கேட்கிறார். அந்த ஒரு சிட்டிகைக்குள் இருக்கும் எந்தப் பொருள், நம் உடம்பின் எந்த மரபணுவை, எப்படிக் கெடுக்கிறது? இந்தக் கேள்வியை இன்று ஆய்வுக்கூடத்தில் மட்டுமின்றிக் கணினியிலும் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்த விசாரணையின் பழைய ஏடுகள் சில நம் பக்கத்தில் எழுதப்பட்டவை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர், அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவர், வெற்றிலை பாக்கு போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் 'லான்செட்' இதழில் எழுதினார். 1959-ல், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்து மருத்துவர்கள் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். என்ன மெல்கிறீர்கள், எத்தனை வருஷமாக என்று நோயாளிகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு அது.

இன்று நிலைமை என்ன? 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் புதிதாக உதடு, வாய்ப்புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 3,90,000 பேர். அதில் 1,40,000 பேருக்கு மேல் இந்தியர்கள். மூன்றில் ஒருவருக்கும் அதிகம்.

சரி, அந்தச் சிட்டிகைக்குள் என்ன இருக்கிறது? பச்சைப் புகையிலையில் சில நஞ்சுகள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். இலையை உலர்த்தி, புளிக்கவைத்து, மாதக்கணக்கில் வைத்திருக்கும்போதுதான் நிகோடினும் அதன் உறவுப்பொருள்களும் நைட்ரோசமீன்களாக மாறுகின்றன. இவற்றில் பொல்லாதவை இரண்டு. சுருக்கப் பெயர்கள் என்.என்.கே., என்.என்.என். இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. போயிலை கலக்காத வெறும் பாக்கையும் அதே வகையில்தான் வைத்திருக்கிறது. "நான் பாக்கு மட்டும்தான் போடுறேன்" என்று ஆறுதல் கொள்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

என்.என்.கே. வந்த வேகத்தில் கெடுதல் செய்வதில்லை. உடம்பின் நொதிகள், வந்த வேண்டாப்பொருளை வெளியேற்றத்தான் அதை உடைக்கின்றன. ஆனால் உடைந்த துண்டு, முழுப்பொருளைவிட மோசமானது. அது நேராகப் போய் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. செல் தன்னைப் பிரதி எடுக்கும்போது, ஒட்டிய இடத்து எழுத்து தப்பாகப் படிக்கப்படுகிறது. ஓர் எழுத்துப் பிழை. பெரும்பாலான பிழைகளைச் செல்லே திருத்திவிடும். தினமும் பத்து முறை, இருபது முறை போட்டால், திருத்தத் திருத்தப் பிழை சேரும். ஒருநாள் அந்தப் பிழை முக்கியமான மரபணு ஒன்றில் விழும்.

அப்படி முக்கியமான ஒன்று டி.பி.53. இதை ஒரு கட்டட மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் கோணலாகப் போனால் வேலையை நிறுத்தச் சொல்வார். சரிசெய்ய முடியாவிட்டால் இடிக்கச் சொல்வார். மேஸ்திரியே படுத்துவிட்டால்? கோணல் சுவர் எழும்பிக்கொண்டே போகும். 2013-ல் மேற்கு வங்கத்துக் கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும், நவி மும்பையிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து, ஈறு, கன்னப் புற்று வந்த 110 இந்திய நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தன. அடிக்கடி கெட்டிருந்த மரபணுக்களில் டி.பி.53 இருந்தது. காஸ்ப்-8, ஃபேட்-1, நாட்ச்-1 போன்றவையும் இருந்தன.

இனி கணினியின் வேலைக்கு வருவோம். புகையிலைப் புகையில் மட்டும் 7,000-க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள். மனித மரபணுக்களோ ஏறத்தாழ 20,000. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு சேர்த்துச் சோதிக்க ஓர் ஆயுள் போதாது. அதனால் முதலில் சலித்தெடுக்கிறார்கள். எந்த வேதிப்பொருள் எந்த மரபணுவைத் தொடுகிறது என்று உலகெங்கும் வெளிவந்த கட்டுரைகளைப் படித்துத் தொகுத்த தரவுத்தளங்கள் இருக்கின்றன. ஒருபக்கம் புகையிலைப் பொருள்களின் பட்டியல், மறுபக்கம் வாய்ப்புற்றில் கெடும் மரபணுக்களின் பட்டியல். இரண்டிலும் பொதுவாக நிற்பவை எவை என்று கணினி எடுத்துக் கொடுக்கும்.

பிறகு அந்த மரபணுக்கள் தரும் புரதங்களுக்குள் யார் யாரோடு தொடர்பு என்று ஒரு வரைபடம் போடுவார்கள். ரயில்வே வரைபடம் மாதிரி இருக்கும். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் கெட்டால் எத்தனை ஊர் வண்டிகள் நிற்கும்! அப்படிப்பட்ட ஜங்ஷன் புரதங்களைத்தான் இங்கே தேடுகிறார்கள்.

மூன்றாவது, பொருத்திப் பார்ப்பது. புரதங்களின் வடிவங்களைச் சேமிக்கும் உலகக் களஞ்சியம் ஒன்று 1971-ல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து ஒரு புரதத்தை எடுத்து, அதன் பள்ளங்களில் புகையிலைப் பொருளைத் திருப்பித் திருப்பி உட்காரவைத்துப் பார்க்கிறது கணினி. எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதற்கு ஓர் எண் தருகிறது. அந்தப் புரத வடிவம் சரியானதுதானா என்று சோதிக்க உலகமெங்கும் பயன்படுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1963-ல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கணினி தருவது துப்பு, தீர்ப்பு ஆகாது. ஏன் என்று இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, அதிகம் ஆராயப்பட்ட மரபணுவுக்குத் தரவுத்தளத்தில் அதிகம் பதிவு இருக்கும். டி.பி.53-ஐப் பற்றி எழுதாதவர் இல்லை. அதனால் எந்த நோய்க்கு வரைபடம் போட்டாலும் அது ஜங்ஷனாக வந்து நிற்க வாய்ப்பு அதிகம். விளக்கு வெளிச்சம் இருக்கிற இடத்தில் மட்டும் தொலைந்த காசைத் தேடின கதைதான்.

இரண்டாவது இன்னும் முக்கியம். என்.என்.கே. செய்யும் கெடுதலில் இரண்டு வழி இருக்கிறது. செல்லின் மேலிருக்கும் நிகோடின் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, செல்லை வளரத் தூண்டுவது ஒரு வழி. இதைப் பொருத்திப் பார்க்கும் முறையில் ஓரளவு பிடித்துவிடலாம். ஆனால் உடைந்த துண்டு டி.என்.ஏ.வில் ஒட்டுகிறதே, அந்த வழி இந்த முறையின் கண்ணில் படாது. முழு என்.என்.கே.யை டி.பி.53 புரதத்தில் பொருத்தி நல்ல எண் வந்துவிட்டது என்று ஒருவர் மகிழ்ந்தால், கொள்ளைக்காரன் பின்கட்டுச் சுவரில் கன்னம் வைத்திருக்க, இவர் வாசல் பூட்டைச் சோதிக்கிறார் என்று பொருள். அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் கணினியில் கிடைத்ததை வாய்ச்செல்களில் வைத்து மறுபடி சோதிக்கிறார்கள்.

நோயாளிகளின் கட்டிகளையே வைத்துக் கணக்குப் போடும்போது கணினியின் பலம் தெரியும். 2016-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 5,000-க்கு மேற்பட்ட கட்டிகளின் டி.என்.ஏ. பிழைகளை எண்ணியது. தினம் ஒரு பாக்கெட் சிகரெட் வீதம் ஓராண்டு புகைத்தால், நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரி 150 பிழைகள் சேர்கின்றன. வாய்ச்செல்லில் 23. ஓர் ஆண்டுக்கு, ஒரு செல்லுக்கு! மென்று போடும் புகையிலையோடு தொடர்புடைய பிழைகளுக்கும் தனிச் சாயல் ஒன்று உண்டு. கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல, அந்தச் சாயலைப் பிழைக் குவியலிலிருந்து கணினி பிரித்துக் காட்டுகிறது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? நோயை முன்கூட்டியே காட்டும் அடையாளங்களைக் கண்டுபிடிக்க. எந்த மரபணு கெட்டது என்று பார்த்து அதற்கேற்ற மருந்தைத் தேட. புகையிலை கெட்டதா என்று முடிவு செய்ய இல்லை. அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நீங்கள் விட்டுவிடுவதற்கு எந்தக் கணினியின் எண்ணுக்கும் காத்திருக்க வேண்டாம்.

நோயை முன்கூட்டியே கண்டறியவும் காத்திருக்க வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம், வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அந்தச் சோதனையை உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நீங்களே செய்யலாம். மாதம் ஒருமுறை கன்னத்தை விலக்கிப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியிலும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், முன்போல வாயைத் திறக்க முடியாத இறுக்கம், இதில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது.

விட நினைக்கிறவர்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-11-2356. மறுபடி சொல்கிறேன், 1800-11-2356. புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அடுத்த முறை பொட்டலத்தைப் பிரிக்கும் முன் அந்த எண்ணை அழையுங்கள்.