மென்பொருளில் செப்பனிடலும் புதுமையும்

வீட்டின்மேல் புதிய மாடி எழுப்புவதில் நமக்குள்ள ஆர்வம், பழைய கூரையின் ஒழுக்கை அடைப்பதில் இருப்பதில்லை. மாடியை ஊரார் காண்பர். அடைபட்ட ஒழுக்கை யார் காண்பர்? கணிப்பொறியை இயக்கும் மென்பொருளுக்கும் இது பொருந்தும். மூல நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்துள்ள திறமூல மென்பொருளில் இச்சிக்கல் இன்னும் மிகுதி. அங்கே உழைப்போரில் பலர் தொண்டர்கள். புது வசதியைச் சேர்த்தவரை உலகம் பாராட்டும்; பழைய நிரலைச் சீர்ப்படுத்தியவர் பெயரைக் கேட்பாரும் இல்லை.

அமெரிக்க நிரலர் வார்டு கன்னிங்ஹாம் 1992-ஆம் ஆண்டில் இதனைக் கடனுக்கு ஒப்பிட்டார். முதிராத நிரலை வெளியிடுவது கடன் வாங்குவது போன்றது. விரைவில் திருத்தி எழுதினால் கடன் தீரும். இல்லையேல் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

அவ்வட்டியின் கடுமையை 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகம் கண்டது. இணையச் செய்திகளைப் பிறர் படிக்கவொண்ணாதபடி காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2012-இல் ஒரு புது வசதி சேர்க்கப்பட்டது. வந்த செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சிறு சோதனை அதில் விடுபட்டிருந்தது. அதனால் கணிப்பொறியின் நினைவகத்திலிருந்த இரகசியங்கள் வெளியே கசியும் நிலை ஏற்பட்டது. உலகமே நம்பியிருந்த அந்நிரலைப் பராமரித்து வந்தவர்களோ மிகச் சிலர்.

அப்படியாயின், எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே எனின், அதுவும் ஆபத்தே. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998-இல் தன் இணைய உலாவியின் நிரலைத் திறந்து வைத்தது. பின்னர்ப் பழையதை ஒதுக்கிவிட்டுப் பெரும்பகுதியைப் புதிதாக எழுத முற்பட்டனர். ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000-ஆம் ஆண்டு நவம்பரில்தான் வந்தது. அதற்குள் பயனாளர் பலர் போட்டி உலாவிக்குச் சென்றுவிட்டனர்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை லிப்ரேஆபீஸ் காட்டுகிறது. அதன் மூலம் ஜெர்மனியில் உருவானது. ஆகவே நிரலிடையே இருந்த விளக்கக் குறிப்புகள் பல ஜெர்மன் மொழியில் இருந்தன. 2010-இல் இத்திட்டம் தனியே பிரிந்தபின், தொண்டர்கள் அவற்றைச் சிறிது சிறிதாக ஆங்கிலத்தில் பெயர்த்தனர். பயன்படாத நிரலையும் நீக்கினர். புதிதாக வருவோருக்கு இத்தகைய எளிய பணிகளே முதற்பாடமாயின. புதிய பதிப்புகளும் தடையின்றி வெளிவந்தன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகிறது.

ஆயினும் செப்பனிடுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். திரையில் தோன்றும் ஒரு சொற்றொடரை அழகுக்காக மாற்றினால், தமிழ் உட்படப் பல மொழிகளின் தொண்டர்கள் அதனை மீண்டும் பார்க்க நேரிடும். ஒருவர் செய்யும் தூய்மை பிறர்க்குச் சுமையாகலாகாது.

தொட்ட பகுதியைத் தொட்டபொழுதே திருத்துக. ஒவ்வொரு பதிப்பிலும் பராமரிப்புக்கென ஒரு பங்கை ஒதுக்குக. இதுவே நாம் கொள்ளத்தக்க நெறி. தாய்நாட்டை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்குத் தமிழில் எழுதவும் படிக்கவும் துணைநிற்பவை இம்மென்பொருள்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் கண்ட பிழையை அறிவிக்கலாம். பிழையான தமிழ்ச் சொல்லைத் திருத்தித் தரலாம். கூரையின் ஒழுக்கை அடைக்க நம் கையும் உதவும் அன்றோ?