ஒற்றைக் கோடு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கொட்டாரத்தில் பஸ் ஏறி இங்கே வேதியியல் படிக்க வந்தவன் நான். இப்போது பரிசோதனைக் கருவிகளோடு மாரடிக்கிறேன். கொரோனாவை உடனே கண்டுபிடிக்கும் பயோசென்சர் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெயர்தான் பெரிசு. ஒரு பொருளை மட்டும் இனம் காணும் உயிர்ப்பொருள் ஒன்று, அது கண்டதை நமக்குக் காட்டும் ஏற்பாடு ஒன்று, அவ்வளவே. 1962-இல் லேலண்ட் கிளார்க் தொடங்கிவைத்த சங்கதி. வீட்டிலிருக்கும் சர்க்கரை மெஷின் அந்த வழி வந்ததுதான்.

கொரோனா அட்டையில், மூக்கில் எடுத்த சளியைக் கரைசலில் கலக்கிச் சில சொட்டு விட்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தாளில் ஊர்ந்து போகும். பல அட்டைகளில், நுண்ணிய தங்கத்துகள் ஒட்டிய எதிர்ப்பொருள் வழியில் காத்திருந்து வைரஸின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து 'டி' கோட்டில் சிக்கினால் சிவப்பு தெரியும். தங்கம் மஞ்சளல்லவா என்பீர்கள். அந்த அளவுக்குப் பொடித்தால் சிவப்புதான். 'சி' கோடு வராவிட்டால் அட்டையே வீண்.

2020 ஜூன் 14-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் ஆன்டிஜென் கிட்டுக்கு இசைவு தந்தது. நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம், நோயில்லாதவரை 'இல்லை' என்பதில் 99.3 முதல் 100 சதவீதம் என்று அந்தக் குறிப்பிலேயே இருந்தது. 'உண்டு' என்றால் நம்பலாம். அறிகுறி இருந்தும் 'இல்லை' என்று வந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தாக வேண்டும். நம் மாநிலம் ஆர்.டி.பி.சி.ஆரையே பெரிதும் நம்பியது. அந்த ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த எதிர்ப்பொருள் கிட்டுகள் பட்ட பாடும் நினைவிருக்குமே.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். 2022 பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கு லேசான காய்ச்சல், தொண்டை வலி. கையிலிருந்த கிட்டில் பார்த்தேன். ஒற்றைக் கோடு. "ஒண்ணுமில்லம்மா" என்றேன். "ஒனக்க மெஷினு சொன்னா சரிதான் மக்களே" என்று, பக்கத்து வீட்டு ஆச்சிக்கு வழக்கம்போல் கஞ்சி கொண்டுபோனாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் அம்மாவுக்குப் பாசிட்டிவ். பிறகு ஆச்சிக்கும். ஆச்சி பதினொரு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தாள். காய்ச்சல் தொடங்கின அன்று மூக்கில் வைரஸ் குறைவாக இருந்திருக்கும். அட்டையைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டியவன் நான்.

அப்படியானால் துல்லியமும் வேகமும் சேர்ந்து கிடைக்காதா? 2020 செப்டம்பரில் அனுமதி பெற்ற ஃபெலூடா அந்த முயற்சிதான். தில்லியில் தேபஜோதி சக்ரவர்த்தியும் சௌவிக் மைத்தியும் செய்தது. பெயர் சத்யஜித் ராயின் துப்பறிவாளருடையது. முடிவைத் தாளில் காட்டும். ஆனால் அதற்கு முன் மரபுப்பொருளைப் பெருக்க மெஷின் வேண்டும், ஆகவே திண்ணைக்கு வராது. கோவாக் கம்பெனியின் ட்ரூநாட் பாட்டரியில் ஓடும், காசநோய்க்கும் உதவும். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

காலாவதியான அட்டைகள் கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் மாணவர்கள் வாருங்கள், பிரித்துப் பார்க்கலாம்.